காளான் பவளம் வெளிறியது வெளிச்சம் போதாமல் அல்ல

வாசகர் கேள்வி: சார், தாம்பரத்தில் இருக்கிறேன். மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரத் தொட்டி. ஒன்றரை வருடமாக உப்புநீர் ஓடுகிறது. இரண்டு க்ளவுன் மீன், ஒரு கோபி மீன், சில நத்தைகள். மேலே ஒரு சாதாரண வெள்ளை எல்இடி ட்யூப் மட்டும்தான் இருந்தது. பவளம் வைக்க ஆசை வந்து ஒரு பச்சைக் காளான் பவளம், சின்னப் பூக்கள் மாதிரி விரியும் ஸோவாந்திட் (ஸோவா) ஒரு கொத்து, சின்னதாக ஒரு லெதர் பவளம் வாங்கினேன். கடைக்காரர் '165 வாட்' எல்இடி ஒன்றை ஒரு வாரம் போட்டுப் பாருங்கள் என்று கொடுத்தார். முழு வெளிச்சத்தில் தினம் பன்னிரண்டு மணி நேரம் ஓட்டினேன். ஐந்தாம் நாள் காளான் வெளிறிச் சுருங்கிவிட்டது, ஸோவா பாதி மூடியே கிடக்கிறது. வெளிச்சம் போதவில்லை, இதே மாதிரி இரண்டு போடுங்கள் என்கிறார் கடைக்காரர். மெட்டல் ஹாலைட் என்ற பழைய வகை விளக்குதான் சரி என்கிறார் நண்பர். எத்தனை வாட் வாங்குவது? 20,000 கெல்வின் வேண்டுமா? ஹாலில் நீல வெளிச்சம் கண்ணைக் கூசுகிறது என்று வீட்டில் வேறு சொல்கிறார்கள்.

பதில்:

வணக்கம். இரண்டாவது விளக்கை வாங்காதீர்கள். இதைப் படித்து முடித்ததும் இருக்கிற விளக்கின் நீல வரிசையை 25 சதவீதத்துக்கும் வெள்ளை வரிசையை 5 சதவீதத்துக்கும் இறக்குங்கள், நேரத்தை ஆறு மணி நேரமாகக் குறையுங்கள், விளக்கு தண்ணீருக்கு மிக அருகில் தொங்கினால் ஒரு முக்கால் அடியாவது மேலே தூக்குங்கள். காளானை மெதுவாக எடுத்து மணல் மேல், பாறையின் நிழல் விழும் ஓரத்தில் வையுங்கள். ஸோவாவும் லெதரும் இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும், எல்லாவற்றையும் ஒரே நாளில் நகர்த்தினால் அதுவே ஒரு அதிர்ச்சி. பவளத்துக்கான மருந்து, வைட்டமின் என்று எதையும் ஊற்ற வேண்டாம்.

உங்கள் பவளம் வெளிச்சம் போதாமல் வெளிறவில்லை. வெளிச்சம் அதிகமாகி வெளிறியிருக்கிறது. கடிதத்திலேயே அதற்கான சாட்சி இருக்கிறது: முழு வெளிச்சம், பன்னிரண்டு மணி நேரம், ஐந்தே நாள். வெளிச்சக் குறைவில் எந்தப் பவளமும் ஐந்து நாளில் வெளுக்காது. குறைந்த வெளிச்சத்தில் அது வாரக்கணக்கில், மாதக்கணக்கில் மெல்ல நிறம் மாறும், அதுவும் வெள்ளையாக அல்ல, பழுப்பாக. ஸோவா வெளிச்சத்தைத் தேடித் தண்டை நீட்டும், லெதர் ஒரு பக்கமாகச் சாயும், காளான் தட்டு மாதிரி அகலமாக விரியும். சுருங்குவதும் மூடிக்கொள்வதும் வெளிறுவதும் ஒளி தாங்காமல் வருபவை.

ஏன் இப்படி என்று புரிந்துகொண்டால் விளக்குக் கடையில் யாரும் உங்களைக் குழப்ப முடியாது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பவளத்தின் தசைக்குள் ஒற்றைச் செல் பாசிகள் குடியிருக்கின்றன, ஸூசாந்தெல்லே என்பார்கள். அவை ஒளியை வைத்துச் சர்க்கரை தயாரித்துத் தம்மைத் தாங்கும் பவளத்துக்கும் பங்கு கொடுக்கின்றன. நாம் விளக்கு போடுவது பவளத்துக்காக இல்லை, உள்ளே இருக்கும் இந்தப் பாசிகளுக்காகத்தான். தாங்கும் அளவுக்கு மேல் ஒளி விழும்போது பாசியின் ஒளிச்சேர்க்கைப் பட்டறை திணறி, கெடுதல் செய்யும் ஆக்சிஜன் மூலக்கூறுகளைக் கக்க ஆரம்பிக்கிறது. பவளம் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளப் பாசியை வெளியே தள்ளிவிடுகிறது. நிறம் பெரும்பாலும் பாசியுடையது என்பதால் பவளம் வெளுக்கிறது. நர்சரியில் பச்சை நிழல் வலைக்குள் வளர்ந்த செடியை வாங்கிவந்து சித்திரை வெயிலில் மொட்டை மாடியில் வைத்தால் இலை கருகுகிறதே, அதேதான். செடிக்கு வெயில் பிடிக்கும் என்பதும் உண்மை, அன்றைக்கு வெயில் அதைக் கருக்கியதும் உண்மை.

ஒரு ஆறுதல் சொல்ல வேண்டும். வெளிறிய காளானின் தசை கிழியாமல், கரைந்து வழியாமல் இருந்தால் அது செத்துவிடவில்லை. உள்ளே மிச்சமிருக்கும் பாசி மறுபடி பெருகும். சில வாரம் ஆகலாம், இரண்டு மூன்று மாதமும் ஆகலாம். அதுவரை மீனுக்குப் போடும் உறைந்த மைசிஸ் இறாலில் பொடித்த துணுக்கு ஒன்றை வாரம் இரண்டு முறை அதன் வாய்க்கு அருகில் விட்டுப் பாருங்கள், எடுத்துக்கொண்டால் நல்லது.

இந்தத் தவறை நானும் செய்திருக்கிறேன். தொட்டி அமைக்கும் தொழிலுக்கு வந்த தொடக்க வருடங்களில், ஒரு மருத்துவமனை வரவேற்பறையில் இருந்த நாலடித் தொட்டியில் மெட்டல் ஹாலைட்டைக் கழற்றிவிட்டு அதே நாளில் எல்இடியை மாட்டினேன். கண்ணுக்கு எல்இடி மங்கலாகத் தெரிந்தது, அதனால் முழுதாக ஏற்றினேன். இரண்டு வாரத்தில் ஒரு கை அகல லெதர் முழுக்க வெளுத்து, ஓரம் அழுகி, காப்பாற்ற முடியாமல் போனது. கடையில் வாங்கும்போதே பெரியதாக இருந்த பவளம் இல்லை அது, கட்டை விரல் அளவிலிருந்து நான் வளர்த்தது. அன்றிலிருந்து எந்த வீட்டுக்கு விளக்கு மாட்டப் போனாலும் முதல் நாள் முப்பது சதவீதத்துக்கு மேல் ஏற்றுவதில்லை, வீட்டுக்காரர் எவ்வளவு ஆசைப்பட்டாலும்.

சரி, என்ன விளக்கு வாங்குவது என்பதற்கு வருவோம். அதைக் கேட்பதற்கு முன் எதை வளர்க்கப் போகிறீர்கள் என்று முடிவு செய்ய வேண்டும், நம் நாட்டில் அந்த முடிவில் பாதியைச் சட்டமே எடுத்துவிட்டது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலியும் யானையும் இருக்கும் அதே பட்டியலில், பாறை கட்டும் கல் பவளங்கள் எல்லாவற்றையும் 2001-இல் சேர்த்தார்கள். கரும்பவளம், நெருப்புப் பவளம், ஆர்கன் பைப் பவளம், கடல் விசிறி ஆகியவையும் அதில் இருக்கின்றன. ஆகவே அக்ரோபோரா, மாண்டிபோரா, ஹாமர், டார்ச், மூளைப் பவளம் என்று யாராவது கவரில் போட்டு நீட்டினால் வாங்காதீர்கள். கடலிலிருந்து உடைத்து எடுத்த 'லைவ் ராக்' என்பதும் கல் பவளத்தின் எலும்புக்கூடுதான், அதுவும் வேண்டாம். வெளிநாட்டுச் சரக்கு என்று சொன்னாலும் கல் பவளங்கள், அரிய உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பின்னிணைப்பில் வருபவை, காகிதம் இல்லாமல் அவை எல்லை தாண்டக் கூடாது. நான் கல் பவளத் தொட்டி அமைப்பதில்லை. சட்டத்துக்குப் பயந்து மட்டும் சொல்லவில்லை. ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே இருக்கும் 21 தீவுகளைச் சுற்றிய பவளப்பாறைகளைச் சுண்ணாம்புக்காக எத்தனையோ வருடம் வெட்டியெடுத்தோம், அதில் இரண்டு தீவுகள் கடலுக்குள்ளேயே போய்விட்டன. அங்கிருந்து ஒரு துண்டு என் தொட்டிக்கு வருவதை என்னால் ஏற்க முடியாது.

உங்களிடம் இருக்கும் மூன்றும் மென்பவளமும் அதன் உறவுக் கூட்டமும், அவை அந்தப் பட்டியலில் இல்லை. லெதர், காளான், ஸோவாந்திட், க்ரீன் ஸ்டார் பாலிப், கென்யா ட்ரீ, ஸீனியா இவற்றை வைத்தே ஒரு தொட்டியைப் பார்க்கிறவர்கள் நகர முடியாத அளவுக்கு அழகாக வளர்க்கலாம். இதில் விளக்கைப் பொறுத்தவரை ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. இணையத்தில் பார்க்கும் பெரிய பெரிய விளக்குகளும் லட்ச ரூபாய்க் கணக்கும் பெரும்பாலும் அக்ரோபோரா வளர்க்கிறவர்களுடையவை. உங்களுக்குத் தேவையானது அதில் மூன்றில் ஒரு பங்குதான்.

எத்தனை வாட் என்று கேட்டிருக்கிறீர்கள். வாட் என்பது மின்சாரக் கணக்கு, ஒளிக் கணக்கு இல்லை. உங்கள் கையில் இருக்கும் விளக்குக்கு 165 என்று பெயர் வந்ததே அதில் 3 வாட் சில்லுகள் 55 இருப்பதால்தான், சுவரிலிருந்து அது உண்மையில் இழுப்பது பெரும்பாலும் அதைவிட நன்றாகவே குறைவு. லூமன், லக்ஸ் இரண்டும் மனிதக் கண்ணுக்காக வகுத்தவை. நம் கண்ணுக்குப் பச்சை நிறம்தான், சுமார் 555 நானோமீட்டர், மிகப் பிரகாசமாகத் தெரியும், ஆழ்ந்த நீலம் மங்கலாகத் தெரியும். பாசிக்கோ அந்த நீலம்தான் சாப்பாடு. அதனால்தான் எல்இடி கண்ணுக்குச் சாதுவாகத் தெரிந்துகொண்டே பவளத்தைச் சுடுகிறது. மருத்துவமனைத் தொட்டியில் என்னை ஏமாற்றியதும் இதுவே, உங்கள் கடைக்காரர் போதவில்லை என்று சொன்னதற்குக் காரணமும் இதுவாகவே இருக்கும், அவர் வேண்டுமென்று சொல்லியிருக்க மாட்டார்.

நமக்கு வேண்டிய அளவு பார் (PAR) மதிப்பு. 400 முதல் 700 நானோமீட்டர் வரையிலான, ஒளிச்சேர்க்கைக்கு உதவும் ஒளித்துகள்கள் ஒரு சதுர மீட்டரில் ஒரு வினாடிக்கு எத்தனை மைக்ரோமோல் விழுகின்றன என்பது அது. (மன்னார் வளைகுடாப் பக்கம் மீனவர்கள் கடலடிப் பாறைத்தளத்தை 'பார்' என்பார்கள், முத்துக் குளித்த இடங்களுக்கெல்லாம் பார் என்றே பெயர். ஆங்கில எழுத்துகள் மூன்று சேர்ந்து அதே ஒலி வருவது எனக்கு ரொம்பப் பிடித்த தற்செயல்.) உச்சி வெயிலில் கடல் மேற்பரப்பில் இது 2000-ஐத் தொடும். காளானுக்கு 30 முதல் 80 போதும். ஸோவாவும் க்ரீன் ஸ்டாரும் 60-இலிருந்து 150 வரை சந்தோஷமாக இருக்கும். லெதருக்கு 80 முதல் 150. ஆக உங்கள் தொட்டியில் மணலில் 50 முதல் 70, பாறையின் நடுவில் 100, உச்சியில் 150 கிடைத்தால் எல்லாருக்கும் இடம் இருக்கிறது. கடைக்காரர் கொடுத்த அந்த 165 வாட் கறுப்புப் பெட்டி விளக்கு முழு அளவில், தண்ணீருக்கு மேல் அரையடியில் தொங்கினால், நேர் கீழே 300-ஐத் தாண்டுவது சாதாரணம். காளானுக்கு என்ன நடந்தது என்று இப்போது தெரிந்திருக்கும்.

இதை அளக்கப் பார் மீட்டர் இருக்கிறது. தண்ணீருக்குள் விடக்கூடிய அப்போஜி எம்க்யூ-510 போன்றவை எல்இடியின் நீலத்தையும் சரியாக அளக்கும். ஒரு தொட்டிக்காக வாங்கும் விலை இல்லை அது. சென்னையில் கடல் தொட்டி வைத்திருப்பவர்கள் ஒருவருக்கொருவர் இரவல் கொடுப்பார்கள், தொட்டி அமைக்கும் ஆட்களிடமும் இருக்கும், ஒரு மாலை வாடகைக்குக் கேளுங்கள். செல்போன் ஆப்பில் வரும் லக்ஸ் எண்ணை வைத்து முடிவெடுக்காதீர்கள், நீல ஒளியில் அது தப்பாகவே காட்டும். மீட்டர் கிடைக்கவே இல்லையென்றால் பவளமே மீட்டர்தான், ஆனால் அது மெதுவாகப் பேசும் மீட்டர், நீங்கள் பொறுமையாக இருந்தால்தான் கேட்கும்.

20,000 கெல்வின் பற்றி. ஒளியின் நிறத்தைக் குறிக்கும் அந்த எண் மெட்டல் ஹாலைட், ட்யூப் காலத்து மொழி. ஒரு பல்புக்கு ஒரு நிறம் என்றிருந்தபோது 10,000 என்றால் வெள்ளை, 14,000 என்றால் நீலம் கலந்த வெள்ளை, 20,000 என்றால் நல்ல நீலம் என்று பேசினார்கள். எல்இடியில் நீலத்தையும் வெள்ளையையும் தனித்தனியாக ஏற்றி இறக்க முடியும்போது அந்த எண்ணுக்குப் பெரிய பொருள் இல்லை. பார்க்க வேண்டியது எந்தெந்த அலைநீளத்தில் சில்லுகள் இருக்கின்றன என்பது. தண்ணீர் சிவப்பை முதல் சில மீட்டரிலேயே விழுங்கிவிடும், நீலம்தான் ஆழத்துக்குப் போகும், பவளத்தின் பாசி அதற்கேற்பவே அமைந்திருக்கிறது. அதன் குளோரோபில் 430-இலிருந்து 470 நானோமீட்டர் வரை நன்றாக உறிஞ்சும், பெரிடினின் என்ற இன்னொரு நிறமி அதற்கடுத்த நீலப் பச்சையைப் பிடிக்கும். ஆகவே 450-ஐ ஒட்டிய ராயல் ப்ளூ முதுகெலும்பு. 470-ஐ ஒட்டிய நீலமும், 400 முதல் 430 வரை கொஞ்சம் ஊதாவும் இருந்தால் நல்லது. வெள்ளை நம் கண்ணுக்கு, ஆனால் பவளத்துக்கும் கெடுதல் இல்லை. தனிச் சிவப்பு, தனிப் பச்சைச் சில்லுகள் இருந்தால் அவற்றை மிகக் குறைவாக வையுங்கள், தொட்டிக்கு அவற்றால் பெரிய பயன் இல்லை.

இந்த நீலச் சில்லே ஒரு பெரிய கதை. சிவப்பு எல்இடி அறுபதுகளிலேயே வந்துவிட்டது, பிரகாசமான நீலத்துக்குத் தொண்ணூறுகள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதைச் சாதித்த இசாமு அகாசாகி, ஹிரோஷி அமானோ, ஷூஜி நாகமுரா மூவருக்கும் 2014-இல் இயற்பியல் நோபல் கிடைத்தது. இன்று வீட்டில் எரியும் வெள்ளை எல்இடி பல்ப் கூட உள்ளுக்குள் நீலச் சில்லுதான், மேலே பூசிய மஞ்சள் பாஸ்பரால் வெள்ளையாகத் தெரிகிறது. உங்கள் பழைய ட்யூபில் ஒன்றரை வருடம் பாறையில் பாசி படர்ந்ததற்கும் அந்த நீலத்துக்கு ஒரு பங்கு உண்டு.

வீட்டில் கண் கூசுகிறது என்கிறார்கள் என்றால் அதை அலட்சியம் செய்யாதீர்கள். ஹால் எல்லாருக்கும் பொது. நீலத்தில் மட்டும் ஓட்டினால் ஸோவாவும் காளானும் ஒளிர்வது, அவற்றின் உடலில் இருக்கும் ஒளிரும் புரதங்கள் நீலத்தை வாங்கிப் பச்சையாகவும் ஆரஞ்சாகவும் திருப்பி விடுவதால் வருவது. அழகுதான், ஆனால் பவளம் வளர அந்த டிஸ்கோ தேவையில்லை. வீட்டார் உட்காரும் நேரத்தில் வெள்ளையைக் கொஞ்சம் கூட்டி நீலத்தை அதே அளவு குறைத்தால் 14,000 மாதிரி ஒரு சாந்தமான நிறம் வரும், மென்பவளம் அதில் நன்றாகவே வளரும். ஒளிர்வதைப் பார்க்க ஆசையாக இருந்தால் விளக்கு அணைவதற்கு முந்தைய ஒரு மணி நேரம் நீலத்தை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பக்கவாட்டில் கண்ணில் அடிப்பதற்கு விளக்கின் ஓரத்தில் ஒரு சின்ன மறைப்புத் தட்டு மாட்டினால் போதும். குழந்தைகள் இருந்தால் விளக்கைக் கீழிருந்து நேராகப் பார்க்க விடாதீர்கள்.

இப்போது வாங்குவது. உங்கள் தொட்டி 90-க்கு 45-க்கு 45 சென்டிமீட்டர், சுமார் 180 லிட்டர். நடுவில் ஒரே ஒரு பலமான விளக்கைத் தொங்கவிட்டால் நேர் கீழே வெயில், இரண்டு முனையும் இருட்டு, பாறைக்குப் பின்னால் கரிய நிழல். அதனால் பெரியது ஒன்றைவிடச் சின்னது இரண்டு உங்களுக்குப் பொருத்தம். ஒவ்வொன்றும் 40 முதல் 60 வாட்டுக்குள், 120 டிகிரி லென்ஸ் உள்ளதாக, நீலமும் வெள்ளையும் தனித்தனியாகக் குறைக்கும் வசதியுடன், தண்ணீருக்கு மேல் 25 சென்டிமீட்டரில், இரண்டு பாதிக்கும் நடுவில் ஒவ்வொன்று. ஏஐ ப்ரைம் 16 என்ற விளக்கு இந்த வகையில் வரும், இரண்டு போட்டு பாதி அளவில் ஓட்டினால் உங்கள் தொட்டிக்குத் தாராளம். ரெட் சீயின் ரீஃப்எல்இடி 90 இன்னும் கொஞ்சம் பலமானது. ரேடியான் போன்றவை நல்ல விளக்குகள், ஆனால் உங்கள் காளானுக்கு அவை தேவையில்லாத செலவு. அந்தப் பணத்தில் தண்ணீரின் கழிவை நுரையாகப் பிரித்தெடுக்கும் நல்ல ஸ்கிம்மர் வாங்கலாம், குழாய்த் தண்ணீரைச் சுத்திகரிக்கும் ஆர்ஓ-டிஐ யூனிட் வாங்கலாம், தண்ணீர் நன்றாக இருந்தால் பவளம் சுமாரான விளக்கிலும் செழிக்கும், தண்ணீர் கெட்டால் எந்த விளக்கும் காப்பாற்றாது.

பட்ஜெட் இப்போது இல்லையென்றால் அந்தக் கறுப்புப் பெட்டியையே கடைக்காரரிடம் பேசி வைத்துக்கொள்ளலாம், அது கெட்ட விளக்கு இல்லை. 40 சென்டிமீட்டர் உயரத்தில் தொங்கவிட்டு, நீலம் 35, வெள்ளை 10 சதவீதத்தைத் தாண்டாமல் ஓட்டுங்கள், முனைகளில் காளானும் நடுவில் லெதரும் என்று இடம் பிரித்துக்கொள்ளுங்கள். குறைக்கும் திருகு இல்லாத, ஆன் ஆஃப் மட்டும் உள்ள எந்த விளக்கையும், எவ்வளவு மலிவாக இருந்தாலும், பவளத் தொட்டிக்கு வாங்க வேண்டாம். ரிச்சி ஸ்ட்ரீட்டில் சில்லும் டிரைவரும் ஹீட் சிங்க்கும் வாங்கி நானே செய்துகொள்ளட்டுமா என்று சிலர் கேட்பார்கள். சால்டரிங் தெரிந்தவர் செய்யலாம், ஆனால் சில்லுக்குச் சரியான ஹீட் சிங்க்கும் நிலையான மின்னோட்டம் தரும் டிரைவரும் வேண்டும், உப்புக் காற்று படாமல் எல்லாவற்றையும் மூட வேண்டும். முதல் பவள விளக்காக அதை நான் சொல்ல மாட்டேன்.

மெட்டல் ஹாலைட் பற்றி உங்கள் நண்பர் சொன்னது ஒரு காலத்தில் உண்மை. அதன் அலையாடும் ஒளியை, தண்ணீருக்கு அடியில் தரையில் சூரிய ஒளி நெளிவது போல வருமே, அதை இன்றும் நான் ரசிக்கிறேன். ஆனால் 250 வாட் ஹாலைட் எட்டு மணி நேரம் எரிந்தால் நாளைக்கு இரண்டு யூனிட், இரண்டு மாத பில்லுக்கு 120 யூனிட். எல்இடி இரண்டும் சேர்ந்து சராசரி 55 வாட் இழுத்து ஒன்பது மணி நேரம் எரிந்தால் இரண்டு மாதத்துக்கு 30 யூனிட்டுக்குள். ஹாலைட்டின் வெப்பம் நேராகத் தண்ணீரில் இறங்கும், அதை எடுக்கத் தண்ணீரைக் குளிரவைக்கும் சில்லர் கூடுதலாக ஓடும், வருடா வருடம் பல்ப் மாற்ற வேண்டும். சென்னை வீட்டுக்கு அது சரிவராது.

வெப்பம் என்றதும் முக்கியமான ஒன்று. தொட்டி 25 முதல் 27 டிகிரிக்குள் இருக்க வேண்டும். ஏப்ரல், மே மாதத்தில் தாம்பரத்து ஹால் மதியம் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். வெளிச்சமும் சூடும் சேர்ந்தால் பவளம் இன்னும் சீக்கிரம் வெளுக்கும். மன்னார் வளைகுடாவில் 2010-லும் 2016-லும் கோடையில் கடல்நீர் சூடாகிப் பவளங்கள் பெருமளவில் வெளுத்தன, விளக்கு எதையும் யாரும் மாற்றவில்லை, அதே சூரியன்தான், தண்ணீர் மட்டும்தான் சூடானது. உங்கள் தொட்டியிலும் அந்த ஐந்து நாளில் வெப்பம் என்ன இருந்தது என்று குறித்து வைத்திருந்தால் பாருங்கள். 29-ஐத் தாண்டியிருந்தால் விளக்கோடு அதுவும் சேர்ந்து செய்த வேலை இது, அப்படியென்றால் விளக்குப் பணத்தில் ஒரு பகுதியைச் சில்லருக்கு ஒதுக்குங்கள்.

இதற்கு ஒரு எளிய உதவி நேரத்தை நகர்த்துவது. பவளத்துக்குச் சூரியன் காலை ஆறு மணிக்கே உதிக்க வேண்டும் என்று இல்லை, தினமும் ஒரே நேரத்தில் உதித்தால் போதும். மதியம் இரண்டு மணிக்கு நீலம் மெல்ல ஏற ஆரம்பித்து, நாலிலிருந்து ஒன்பது வரை முழு அளவு, பத்தரைக்குள் அணைந்துவிடும்படி டைமர் வையுங்கள். வெயில் உச்சத்தில் விளக்கின் சூடு சேராது, நீங்கள் வேலை முடிந்து வரும் நேரத்தில் தொட்டி விழித்திருக்கும். பன்னிரண்டு மணி நேரம் தேவையில்லை, ஏற்ற இறக்கம் உட்பட எட்டரை மணி நேரம் நிறைய. இரவில் முழு இருட்டு இருக்கட்டும், மூன்லைட் என்று ஒரு நீலச் சில்லை விடிய விடிய எரிய விடாதீர்கள். ஜன்னல் வெயில் தொட்டியில் விழுந்தால் திரை போடுங்கள், அது பவளத்துக்கு உதவுவதைவிடக் கண்ணாடியிலும் பாறையிலும் படரும் பாசிக்கும் சூட்டுக்கும்தான் உதவும்.

புது விளக்கு வந்ததும் முப்பது சதவீதத்தில் தொடங்கி, வாரத்துக்கு ஐந்து சதவீதம் மட்டும் ஏற்றுங்கள். பவளம் ஒரு வாரம் சுருங்கினால் அந்த வாரம் ஏற்றாதீர்கள், ஒரு படி இறக்குங்கள். ஐந்தாறு வாரத்தில் உங்கள் தொட்டிக்கான அளவு தெரிந்துவிடும், அதன் பிறகு அதைத் தொடாதீர்கள். தினமும் ஆப்பைத் திறந்து ஒரு வரிசையைக் கூட்டி இன்னொன்றைக் குறைத்துப் பார்க்கும் பழக்கம் பலருக்கு இருக்கிறது, பவளத்துக்கு அது தினமும் வீடு மாறுவது மாதிரி. புதிதாக வாங்கும் பவளத்தை எப்போதும் மணலில் வைத்து வாரக்கணக்கில் மேலே ஏற்றுங்கள். மாதம் ஒருமுறை விளக்கின் லென்ஸில் படியும் உப்பை ஆர்ஓ தண்ணீரில் நனைத்த துணியால் துடையுங்கள், மின்சாரத்தை நிறுத்திய பிறகு. ரொம்ப நாள் துடைக்காமல் விட்டுத் துடைத்தால் வெளிச்சம் திடீரென்று கூடும், அப்போது சில நாள் ஒரு படி குறைத்து வையுங்கள்.

கரண்ட் போனால் விளக்கைப் பற்றிக் கவலையே படாதீர்கள். இரண்டு மூன்று நாள் இருட்டைப் பவளம் தாங்கும், புயல் நாட்களில் கடலிலும் அப்படித்தானே. இன்வர்ட்டரில் முதலில் அலை உருவாக்கும் பம்ப்பையும் ஏர் பம்ப்பையும் மாட்டுங்கள், ஆக்சிஜன் இல்லாமல் மீன் சில மணி நேரத்தில் போய்விடும். விளக்கின் ஒயர் ப்ளக் பாயிண்ட்டுக்குப் போகும் முன் ஒரு வளைவு கீழே தொங்கி மேலே ஏறும்படி வையுங்கள், தண்ணீர் வழிந்தால் அந்த வளைவிலிருந்து தரையில் சொட்டும், ப்ளக்குக்குள் போகாது. உப்புநீருக்கு மேல் மின்சாரம் தொங்குகிறது என்பதை மறக்கவே கூடாது. வாடகை வீடோ சொந்த வீடோ, தொட்டி இருக்கும் லைனில், மின்கசிவு வந்தால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பாருங்கள், இல்லையென்றால் விளக்கு வாங்குவதற்கு முன் அதைப் போடுங்கள்.

காளான் மூன்று வாரத்தில் எப்படி இருக்கிறது என்று எழுதுங்கள். படம் எடுக்கும்போது நீலத்தை அணைத்து வெள்ளையில் எடுத்து அனுப்புங்கள், நீலத்தில் எடுத்த படத்தில் வெளிறியதும் பச்சையாகத்தான் தெரியும்.